மேரக்ஸில் தப்பிய பெட்டையின் வாரிசை வைத்து நோய் வராத வரிசை எடுக்க முடியுமா?

சாம்பல்சேவல் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரே சேவல், இரண்டு தாய்ப்பெட்டைகள். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். போன முறை கறுப்பின் முட்டையில் 15 குஞ்சு, சாம்பலின் முட்டையில் 14 குஞ்சு. இரண்டு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. பத்தாவது வாரம் ஒரு வெடைக்கோழி நொண்டியது. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுநாள் ஒரு காலை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நீட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. கண் தெளிவு. தீவனத்தை வாயருகே வைத்தால் கொத்தித் தின்றது. எழத்தான் முடியவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தன. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஒரு பக்கத் தொடை நரம்பு மற்ற பக்கத்தைப் போல இரண்டு மடங்கு தடித்து, பளபளப்பு போய், சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. மேரக்ஸ் என்றார், நரம்பைத் தாக்கிக் கட்டி வளர்க்கும் கோழிநோயாம்.

இப்போது கணக்கு. கறுப்பின் 15இல் 11 போய்விட்டன. சாம்பலின் 14இல் 2தான். அப்பன் ஒருவனே, தீவனம் ஒன்றே. மேரக்ஸ் தடுப்பூசி எந்தக் குஞ்சுக்கும் போடவில்லை.

அப்படியானால் சாம்பல் பெட்டையின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதன் மகள்களை இதே சேவலோடு விட்டுக் குஞ்சு எடுத்தால், நான்கைந்து தலைமுறையில் நோயே அண்டாத ஒரு வரிசை கிடைக்குமா? கறுப்பை இப்போதே ஒதுக்கிவிடலாமா?


கொண்டைமுரசு எழுதியது:

இதில் கேட்க என்ன இருக்கிறது? இயற்கையே பொறுக்கிக் கொடுத்துவிட்டது. ஊசி போட்டுப் போட்டு நோஞ்சானையெல்லாம் காப்பாற்றி வைத்து, அதில் முட்டை எடுத்து, அதற்கும் ஊசி போடுகிறோம். நாட்டுக்கோழிக்கு எதற்கு இதெல்லாம்? சாகிறது சாகட்டும், நிற்கிறதை வைத்துப் பெருக்குங்கள். கறுப்பை இன்றே ஒதுக்குங்கள்.


குறிப்பேடு எழுதியது:

தம்பி, ஒதுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையுடையது என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அது பெரிய காரியம். நான் மருத்துவர் இல்லை. ஓர் இனவிருத்திப் பண்ணையில் 22 வருடம் பொரிப்புப் பதிவேடு எழுதியவள். பெட்டை உள்ளே போனதும் கதவு தானாக விழுந்துவிடும் முட்டைக்கூடு. அதை வெளியே விடும்போது கால்வளைய எண்ணைப் பார்த்து முட்டை மேல் பென்சிலால் எழுத வேண்டும். பொரிப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒவ்வொரு பெட்டையின் முட்டைகளையும் தனித்தனிக் கம்பிக்கூடையில் மூடி வைக்க வேண்டும். பொரித்ததும் ஈரம் காய்வதற்குள் சிறகில் தகடு குத்த வேண்டும். இதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு கோழி செத்தாலும் பிழைத்தாலும் எனக்கு இரண்டு கேள்வி சேர்ந்தே வரும்: யார் பிள்ளை? எங்கே வளர்ந்தது? நீங்கள் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

மேரக்ஸில் பரம்பரைக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. சின்னப் பங்கும் அல்ல. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹட் என்பவர் 1935இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். மேரக்ஸையும், வேறொரு வைரஸால் வரும் லூக்கோசிஸ் என்ற கட்டிநோயையும் ஒரே நோயாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. குஞ்சுகளை வேண்டுமென்றே நோய் பிடிக்கும்படி வளர்ப்பார்கள். எந்தக் குடும்பத்தில் சாவு குறைவோ அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த தலைமுறைக்கு எடுப்பார்கள். பின்னால் அதே இடத்தில் கோல் என்பவர் மேரக்ஸுக்கென்றே இரண்டு வரிசைகளைப் பிரித்தார்: தாங்குகிற 'என்' (N) வரிசை, தாங்காத 'பி' (P) வரிசை. சில தலைமுறைகளிலேயே இரண்டும் எதிரெதிர்த் துருவமாகிவிட்டன. மேரக்ஸுக்குக் காரணம் ஒரு ஹெர்ப்பஸ் வைரஸ் என்று தெரிய வந்ததே 1967இல்தான். எதிரி யாரென்று தெரியாத காலத்திலேயே வெறும் சாவுக்கணக்கை வைத்து எதிர்ப்பைப் பிரித்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பதிவேடு எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்!

பிறகு ரத்தப்பிரிவு பார்த்ததில் 'என்' (N) வரிசையில் இருந்தது பி21 (B21), 'பி' (P) வரிசையில் இருந்தது பி19 (B19). எண்ணோடு வரும் இந்த 'பி' (B) என்பது கோழியின் ஒரு ரத்தப்பிரிவுத் தொகுதி. நோய்க்கிருமியின் துண்டுகளை உடலின் காவல் செல்களுக்கு எடுத்துக் காட்டும் மரபணுக்கள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, 16ஆம் குரோமோசோமில். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு சொட்டு சீரம் விட்டு, திரள்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். வெறுங்கண்ணுக்கே தெரியும். அந்தத் திரளைப் பார்த்துச் சேவலை வைப்பதா கழிப்பதா என்று முடிவெடுத்ததை நான் பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறேன். பி21 ஒரு பிரதி இருந்தாலே கணிசமான பலன் உண்டு.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. மிச்சிகனில் ஈஸ்ட் லான்சிங் ஆய்வகத்தில் 6, 7 என்று இரண்டு வரிசைகள். இரண்டுக்கும் பி2 என்ற ஒரே ரத்தப்பிரிவு. இருந்தும் 6 மேரக்ஸைத் தாங்கும், 7 சரிந்துவிடும். ஆக, அந்தத் தொகுதிக்கு வெளியேயும் நிறைய மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கைகொடுக்கின்றன. 'ரத்தத்தில் ஏதோ இருக்கிறது' என்றால், அது ஒரே ஒரு 'ஏதோ' அல்ல.

கொண்டைமுரசு ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 'நோயே அண்டாத கோழி' என்று ஒன்று கிடையாது, இன்ன நோயைத் தாங்கும் கோழி என்றுதான் உண்டு. வெள்ளை லெகார்ன் குஞ்சுகள் புல்லோரம் என்ற பாக்டீரியா நோயைக் கனத்த இனக் குஞ்சுகளைவிட நன்றாகத் தாங்கும் என்று அதே ஹட் காட்டினார். முதல் சில நாளில் அவற்றின் உடல்வெப்பம் சீக்கிரம் ஏறிவிடுவதையும் அதோடு சேர்த்துச் சொன்னார். ஆனால் மேலே சொன்ன, மேரக்ஸில் சரிந்துவிழும் 'பி' (P) வரிசை எது தெரியுமா? அதுவும் வெள்ளை லெகார்ன்தான். எகிப்தின் ஃபயூமி இனம் ரத்தக்கழிச்சலை நன்றாகத் தாங்கும். அதற்காக வீரியமான வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஊசி போடாத நாட்டுக்கோழியும் நிற்காது, சீமைக்கோழியும் நிற்காது. அங்கே 'நிற்கிறதை வைத்துப் பெருக்கு' என்றால் பெருக்க ஒன்றும் மிஞ்சாது.

சரி, தம்பிக்கு என் கேள்வி. இரண்டு பெட்டையின் குஞ்சுகளும் ஒரே நாளில் பொரித்தவையா? முதல் ஆறு வாரம் எங்கே இருந்தன? கறுப்பு, சாம்பல் இரண்டும் ஒரே வயதா?


சாம்பல்சேவல் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரே நாளில் பொரிக்கவில்லை. கறுப்பு தானே அடைகாத்தது. பழைய கொட்டகையின் மூலையில், பெரிய கோழிகள் அடையும் இடத்தில்தான். குஞ்சுகளும் அங்கேயே தாயோடு திரிந்தன. சாம்பல் அடையில் உட்காரவில்லை, அதனால் அதன் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். பொரித்த குஞ்சுகளை வீட்டுக்குள் ஒரு பெட்டியில் பல்பு போட்டு ஆறரை வாரம் வளர்த்து, பிறகுதான் கொட்டகைக்கு விட்டேன். கறுப்புக்கு ஒன்றரை வயது, சாம்பலுக்கு மூன்று.


குறிப்பேடு எழுதியது:

அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மேரக்ஸ் வைரஸ் இறகின் வேர்க்குழியில் முற்றி, பொடுகோடு உதிர்கிறது. கொட்டகையில் சிலந்திவலை மேல் படிந்திருக்கும் அந்தச் சாம்பல் தூசிதான் அதன் வீடு. மாதக்கணக்கில் அதில் உயிரோடு கிடக்கும். கறுப்பின் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்து இழுத்த முதல் மூச்சிலேயே அந்தத் தூசி. சாம்பலின் குஞ்சுகள் அந்தத் தூசியைப் பார்த்ததே ஆறரை வாரத்துக்குப் பிறகு. வயது ஏற ஏற மேரக்ஸைத் தாங்கும் சக்தியும் ஏறும். ஆகவே 11க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பெட்டையுடையது, எவ்வளவு பெட்டியுடையது என்று உங்கள் கணக்கிலிருந்து பிரிக்கவே முடியாது.

அதற்காகச் சாம்பலிடம் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட மாட்டேன். வயதோடு வரும் அந்தத் தாங்குதிறன் நன்றாக வெளிப்படுவதே பரம்பரையிலும் கொஞ்சம் தாங்குதிறன் உள்ள கோழிகளில்தான். தாங்காத வரிசை வளர்ந்த பிறகும் விழும். அதனால் சாம்பலிடம் ஏதோ இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான்.

பரம்பரை மாதிரி வேஷம் போடும் வேறு இரண்டையும் சொல்லிவைக்கிறேன், பதிவேட்டில் இவை என்னை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கின்றன. ஒன்று, மஞ்சள்கரு. தாயின் உடம்பில் இருக்கும் எதிர்ப்பொருள் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்குப் போகும். நோயைப் பார்த்த தாயின் குஞ்சு, பார்க்காத தாயின் குஞ்சைவிட முதல் இரண்டு மூன்று வாரம் தெம்பாகத் தெரியும். பிறகு அது கரைந்துவிடும். இது தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான், சொத்து அல்ல, பேரப்பிள்ளைக்குப் போகாது. உங்கள் சாம்பலுக்கு மூன்று வயது. அது அதிகம் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். புல்லோரம், மைக்கோபிளாஸ்மா, லூக்கோசிஸ் எல்லாம் முட்டை வழியாகவே தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். 'இந்தப் பெட்டையின் வம்சமே நோய் வம்சம்' என்று எழுதிவைப்போம். கடைசியில் பார்த்தால் வம்சத்தில் கோளாறு இருக்காது, கிருமி இறங்கியிருக்கும். மேரக்ஸ் மட்டும் முட்டை வழி வராது. உங்கள் விஷயத்தில் அந்தக் குழப்பமாவது இல்லை.

சேவலைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. உங்கள் 29 குஞ்சிலும் பாதி அவன்தான். அவனிடம் நல்லது இருக்கிறதா கெட்டது இருக்கிறதா என்று இன்னொரு சேவல் இல்லாமல் சொல்ல வழியே இல்லை. மகள்களை அவனோடேயே விடுவதாகச் சொன்னீர்கள். அப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் குஞ்சில் நாலில் ஒரு பங்கு மரபணு இடங்களில் இரண்டு பிரதியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்கும். முதலில் பொரிப்பு குறையும், பிறகு குஞ்சு வாடும். மேரக்ஸுக்கு எதிர்ப்பைத் தேடிப்போய் மற்ற எல்லாவற்றுக்கும் நோஞ்சானாக முடியும்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு பெட்டையின் முட்டைகளையும் ஒரே இன்குபேட்டரில், ஒரே நாளில் வையுங்கள். பொரித்ததும் விரலிடைச் சவ்வில் துளையிட்டு அடையாளம் வையுங்கள், கறுப்புக்கு இடது கால், சாம்பலுக்கு வலது. ஒரே பெட்டி, ஒரே பல்பு. ஒரே நாளில் கொட்டகைக்கு விட வேண்டும். 20 வாரம் வரை செத்ததை எல்லாம் எழுதுங்கள். நொண்டியதை மட்டும் எழுதினால் போதாது, கண்ணின் நிறவளையம் சாம்பலாகிக் கண்பாவை கோணியதையும், காரணமே தெரியாமல் மெலிந்ததையும் சேருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால்தான் இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் தெரியும். சின்ன வித்தியாசம் தெரியாது.


அறுவைக்கத்தி எழுதியது:

கால்நடை மருத்துவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பிழைத்த கோழி நோயை வென்ற கோழி அல்ல. மேரக்ஸ் வைரஸ் ஒருமுறை புகுந்தால் ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும், இறகுப்பொடுகில் உதிர்ந்துகொண்டும் இருக்கும். பிழைத்தவற்றை வைத்து அதே கொட்டகையில் குஞ்சு எடுத்தால், தாங்குதிறனோடு சேர்த்துக் கிருமியையும் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள். குஞ்சுகளை முதல் வாரங்களில் பெரிய கோழிகளிடமிருந்து தள்ளி வளர்ப்பது மட்டுமே பாதி வைத்தியம். சாம்பலின் குஞ்சுகள் உங்களை அறியாமலே அதைக் காட்டிவிட்டன.

அடுத்தது ஊசியா, பரம்பரையா என்ற சண்டை. சண்டையே தேவையில்லை. மேரக்ஸ் ஊசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. பொரித்த அன்றே, குஞ்சு தூசியைப் பார்க்கும் முன்பே, கழுத்துத் தோலடியில் போட வேண்டும். தாங்கும் பரம்பரையில் ஊசியும் நன்றாக வேலை செய்யும். எந்தத் தடுப்பூசி எவ்வளவு பிடிக்கும் என்பதுகூட அந்த 'பி' தொகுதியைப் பொறுத்து மாறுகிறது. இரண்டும் ஒரே பக்கத்து ஆட்கள்.

ஆனால் கொண்டைமுரசு சொன்னதில் ஒரு பொறி உண்மை இருக்கிறது. தொற்றைத் தடுக்காத ஊசி, கொடிய வைரஸையும் பரவவிட்டுவிடும் என்று 2015இல் வெளியான மேரக்ஸ் சோதனைகள் காட்டின. ஊசி போடாத கோழி அந்தக் கொடிய ரகத்தைப் பரப்புவதற்கு முன்பே செத்துப்போகும். ஊசி போட்டது உயிரோடிருந்து உதிர்த்துக்கொண்டே இருக்கும். இதன் அர்த்தம் ஊசி போடாதே என்பதல்ல. ஊசி போட்ட கோழியையும் போடாத கோழியையும் ஒரே கொட்டகையில் கலக்காதே என்பதே.


கொண்டைமுரசு எழுதியது:

சரி, தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் மரபணுவையே வெட்டி ஒட்டிவிடலாமே? பறவைக்காய்ச்சலுக்கு அப்படிச் செய்துவிட்டதாகப் படித்தேன்.


அறுவைக்கத்தி எழுதியது:

செய்தார்கள், 2023இல், எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனமும் வேறு சில ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து. வைரஸ் பெருக ஏஎன்பி32ஏ என்ற கோழிப் புரதம் தேவை. அதில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார்கள். சாதாரண அளவில் வைரஸ் கொடுத்தபோது 10 கோழியில் 9 தப்பின. ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்தபோது பாதிக்குத் தொற்றியது. அதைவிட முக்கியம், அந்தக் கோழிகளுக்குள் இருந்த வைரஸ் தானே உருமாறி, அதே குடும்பத்தின் வேறு இரண்டு புரதங்களைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தது.

ஒரே மரபணு நிஜமாகவே கதவைச் சாத்தும் இடம் லூக்கோசிஸ்தான். அந்த வைரஸின் சில வகைகள் செல்லுக்குள் நுழைய ஒரு குறிப்பிட்ட ஏற்பி வேண்டும். சில கோழிகளில் இயற்கையிலேயே அது பழுதாக இருக்கிறது. அப்பன், ஆத்தாள் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் கதவு மூடும், ஒரு பக்கம் மட்டும் வந்தால் திறந்தே கிடக்கும். அதிலும் ஏ வகைக்கு ஒரு கதவு, பி வகைக்கு வேறு கதவு.


குறிப்பேடு எழுதியது:

லூக்கோசிஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. இறகு மெதுவாக முளைக்கும் பெட்டைகளை வைத்து, பொரித்த அன்றே சிறகைப் பார்த்து ஆண், பெண் பிரிப்போம். வேலை சுலபம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த மெதுஇறகு மரபணுவை ஒட்டியே ஒரு பழைய வைரஸின் துண்டு குரோமோசோமில் தைத்துக் கிடக்கிறது. அந்தப் பெட்டைகளின் குஞ்சுகளில் லூக்கோசிஸ் கூடுதலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எதுவெல்லாம் கூட வருமோ. தம்பி, சாம்பலை வைத்துக்கொள்ளும்போது முட்டை எண்ணிக்கையையும் எழுதுங்கள். எதிர்ப்பொருள் அதிகம் சுரக்கும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வரிசைகளில் உடல் எடை குறைந்து போனதுண்டு.


சாம்பல்சேவல் எழுதியது (ஏழு மாதம் கழித்து):

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒரே நாளில் கறுப்புக்கு 12, சாம்பலுக்கு 13. சவ்வில் துளை. ஒரே பெட்டியில் மூன்று வாரம், பிறகு கொட்டகை. ஊசி போடவில்லை, கணக்கு தெரியட்டும் என்று. 20 வாரம் முடிந்தது. கறுப்பில் 5 போயிற்று, சாம்பலில் 3. போன தடவை மாதிரி பளிச்சென்று இல்லை. இருந்தாலும் சாம்பல்தானே மேல்?


குறிப்பேடு எழுதியது:

ஒரு குஞ்சு அங்கே பிழைத்து ஒரு குஞ்சு இங்கே செத்திருந்தால் 4க்கு 4. அவ்வளவுதான் இந்த வித்தியாசத்தின் கனம். பெட்டைக்குஞ்சுகள் சேவல்குஞ்சுகளைவிட மேரக்ஸில் அதிகம் விழும், அதைப் போன தடவையே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். 12இல் பெட்டை எத்தனை, 13இல் எத்தனை?


சாம்பல்சேவல் எழுதியது:

கறுப்பில் 8 பெட்டை. சாம்பலில் 5.

அடுத்த அடைக்கு முட்டை சேர்க்க ஆரம்பித்துவிட்டேன் அம்மா. இந்தத் தடவை பக்கத்துப் பண்ணையிலிருந்து இன்னொரு சேவலும் வருகிறது.